விளக்குக்காரியின் செருப்பு

ஜனவரி 9

அடி குண்டூசி,

நலமா என்று கேட்டால், "நலமில்லை என்றால் என்ன செய்வாய், விமானம் ஏறி வந்துவிடுவாயா?" என்று எழுதுவாய். அதனால் கேட்கவில்லை. நீ நலம், உன் வீட்டுக்காரர் பஸ்ஸை ஒழுங்காக ஓட்டிக்கொண்டிருக்கிறார், உன் மகள் படிப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்துகொண்டிருக்கிறாள் என்று நானே வைத்துக்கொள்கிறேன்.

என் கதை கொஞ்சம் சரியில்லை. ரேடியோ நிலையத்துக்குப் புதிய தலைவர் வந்திருக்கிறார். என் மகன் வயதுதான் இருக்கும். ரொம்ப மரியாதையாகத்தான் பேசுகிறான். ஆனால் பழைய பீரோவை எந்த மூலையில் வைக்கலாம் என்று பார்ப்பானே ஒருத்தன், அந்தப் பார்வை. நான் இத்தனை வருஷமாக நடத்திய நேயர் கடித நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். "மேடம், இப்ப யாரு கடிதம் எழுதுறாங்க?" என்றான். நானும் என் சிநேகிதியும் எழுதுகிறோமடா என்று சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். நான் அடக்கிக்கொண்டேன் என்றால் நிலைமை எப்படி என்று பார்த்துக்கொள்.

அதற்குப் பதில் புதிதாக ஒரு தொடர் செய்யச் சொல்லியிருக்கிறான். ஜனங்கள் போனில், நடந்துகொண்டே, சமைத்துக்கொண்டே கேட்கிற மாதிரி. பேய்க்கதையாக இருந்தால் உத்தமமாம். இது ஓடவில்லை என்றால் நான் வீட்டில் உட்கார்ந்து பால்கனிச் செடியோடு பேச வேண்டியதுதான்.

யோசித்துப் பார்த்தேன். நமக்குத் தெரிந்த ஒரே பேய் நம் ஏரியில்தானே இருக்கிறது? விளக்குக்காரியைப் பற்றி நினைவிருப்பதை எல்லாம் எழுது. பாறை வெட்டிய காலம், தண்ணீர் வந்த கதை, அடியிலிருந்து கேட்கும் சுத்தியல் சத்தம், எல்லாம். எனக்குப் பாதி மறந்துவிட்டது. நீ அங்கேயே இருக்கிறாய், கடை வாசலில் நின்றால் தண்ணீர் தெரிகிறது. ஊர் பெயர், ஆள் பெயர் ஒன்றும் வராது. சத்தியம்.

உன் வாயாடி


பிப்ரவரி 2

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் வந்த அன்று ஆஸ்பத்திரி நர்ஸுகளின் சீருடை மூட்டையாக வந்து இறங்கியிருந்தது. எல்லோருக்கும் இடுப்பு பெருத்துவிட்டது, தையலைப் பிரித்து விட வேண்டுமாம். அதனால்தான் இந்தத் தாமதம். கோபித்துக்கொள்ளாதே.

நீ சொன்ன தலைவனைப் பற்றிப் படித்ததும் வயிறு எரிந்தது. உன் குரலுக்கு என்ன குறை? கடையில் நான் ஓரம் மடிக்கும்போது உன் பழைய நிகழ்ச்சிதான் பக்கத்தில் ஓடும். நீ பேசினால் மிஷின் மிதிக்கிற அலுப்புகூடத் தெரியாது.

சரி, கேட்டுக்கொள். ஏரி இயற்கையாக வந்தது இல்லை. அது கல்குவாரி. ரயில் நிலையம், கோர்ட்டு, ஆஸ்பத்திரியின் பழைய கட்டடம் எல்லாம் இங்கே வெட்டிய கல்தான். ஆழமாகத் தோண்டிக்கொண்டே போனார்கள், ஊற்று உடைத்துக்கொண்டது. வேலை செய்தவர்கள் ஓடி மேலே வந்தார்கள், ஒரே ராத்திரியில் பள்ளம் நிரம்பிவிட்டது, உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் இன்னமும் கல் உடைக்கிறார்கள், காதைத் தரையில் வைத்தால் கேட்கும். இதுதான் நாம் கேட்ட கதை. விளக்குக்காரி, உள்ளே இருந்த ஒருத்தனின் மனைவி. அரிக்கேன் விளக்கோடு கரையைச் சுற்றிச் சுற்றித் தேடுகிறாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். திரும்பிப் பார்த்தால் நீ காலி.

உண்மை என்ன தெரியுமா? வெளியூரிலிருந்து வந்து இப்போது ஏரிக் கமிட்டித் தலைவராக இருக்கிற மருந்துக்கடைக்காரர் பழைய விஷயங்களை எல்லாம் தேடிப் பிடித்து வைத்திருக்கிறார். போன வாரம் பேன்ட் ஓரம் மடிக்க வந்தவர் சொன்னார். குவாரி முதலாளி நொடித்துப்போனார். தண்ணீர் இறைக்கிற பம்பை நிறுத்திவிட்டார்கள். மழையிலும் ஊற்றிலும் மெதுவாக, வருஷக் கணக்கில் நிரம்பியதாம். ஒருத்தரும் சாகவில்லை. கிரேனைத் தூக்க ஆள் இல்லாமல் விட்டுவிட்டுப் போனதுதான் ஒரே நஷ்டம். கோடையில் அதன் மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியுமே, அதில் நீர்க்காகம் உட்கார்ந்திருக்குமே, அதேதான். சுத்தியல் சத்தம், காற்றில் அந்தக் கிரேனின் சங்கிலி இடிக்கிற சத்தம்.

"அப்ப விளக்குக்காரி?" என்று கேட்டேன்.

"பிள்ளைங்க தண்ணிப் பக்கம் போகாம இருக்கணும்ல, அதுக்கு யாரோ ஒரு புண்ணியவதி கட்டி விட்டதும்மா. கட்டி விட்டது நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு" என்றார்.

எல்லாப் பிள்ளைகளிடமும் வேலை செய்தது. பெரியவர்களிடம்தான் செய்யவில்லை.

ஏரியைப் பற்றிக் கேட்டுவிட்டு என் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் விட்டாயே, அதைக் கவனித்தேன். நன்றியடி. என் மகளுக்கு, அவள் பிறக்கும் முன்பே கால் வழுக்கித் தண்ணீரில் போய்விட்டார்கள் என்பது வரைக்கும்தான் தெரியும். அதற்கு மேல் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

சளி பிடித்தால் வெந்நீர் குடி. குரலைப் பத்திரமாக வைத்துக்கொள்.

உன் குண்டூசி


ஏப்ரல் 18

என் தங்கக் குண்டூசியே,

ஓடுகிறதடி! தொடர் ஓடுகிறது, பறக்கிறது! இந்த நிலையத்தில் இத்தனை பேர் எதையும் கேட்டதில்லையாம். தலைவன் எனக்கு எழுந்து நின்று நாற்காலி போடுகிறான். காபி வாங்கி வருகிறான், சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று கேட்டுப் போடுகிறான். முந்தாநாள் பஸ்ஸில் ஒரு பெண் என் குரலைக் கேட்டுத் திரும்பி, "நீங்கதானே விளக்குக்காரி?" என்றாள். பேய் என்று கூப்பிட்டதற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட மனுஷி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எல்லாம் உன் கடிதத்தால். பம்பை நிறுத்திய கதையை நான் சொல்லவில்லை. ஒரே ராத்திரியில் நிரம்பியது என்பதுதான் கேட்க நன்றாக இருக்கிறது.

கடைசிப் பகுதியை மட்டும் கொஞ்சம் கூட்டிக் குறைத்து, மாற்றிச் செய்திருக்கிறேன். நீ கேட்டால் முதலில் ஒரு மாதிரி இருக்கலாம். முழுக்கக் கேட்டுவிட்டு எழுது. அவசரமில்லை.

மகளுக்கு முத்தம். வீட்டுக்காரரிடம் பிரேக்கை மெதுவாகப் போடச் சொல்.

உன் வாயாடி


மே 6

வாயாடிக்கு,

கேட்டேன். நானாகப் போய்க் கேட்கவில்லை. மருந்துக்கடைக்காரர் கடைக்கே போனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சந்தோஷத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. "நம்ம ஏரிதாம்மா! கிரேன், நீர்க்காகம் எல்லாம் வருது, நம்ம ஏரிதான்!" என்று துணி வெட்டும் மேஜை மேல் வைத்துச் சத்தமாக ஓட விட்டார். பட்டன் வாங்க வந்த ஒரு அம்மாவும், என் மகளும், நானும் நின்று கேட்டோம்.

விளக்குக்காரி இன்னும் சாகவில்லை, காலத்துக்கு ஒரு பெண்ணின் மேல் வந்து இறங்குகிறாள் என்று ஆரம்பித்தாய். உன் குரல் எவ்வளவு அழகாக இறங்கி வந்தது! ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒருத்தி. ஏரித் தெருவில் பச்சைக் கதவு வைத்த வீடு. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து கரையோரமாக நடந்து வந்தவளை ஏரி பேர் சொல்லிக் கூப்பிட்டது. அவள் போனாள். அப்புறம் நீ கொஞ்சம் நிறுத்தினாய். நிறுத்திவிட்டுச் சொன்னாய்: "கரையில் அவள் செருப்பு இருந்தது. ஜோடியாக. வீட்டு வாசலில் கழற்றி வைப்பதுபோல, ஒழுங்காக."

பட்டன் வாங்க வந்த அம்மா "ஐயோ" என்றாள்.

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

அந்தச் செருப்பை முதலில் பார்த்தது நான். தேடிக்கொண்டு போனவர்களில் நான்தான் முன்னால் ஓடினேன். யாரும் வருவதற்குள் அதை எடுத்துப் பள்ளிக்கூடப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியாது. ஒழுங்காகக் கழற்றி வைத்த செருப்பைப் பார்த்தால் ஊர் என்ன சொல்லும் என்பது மட்டும் தெரிந்தது. "வழுக்கி விழுந்துட்டாங்க" என்று எல்லோரும் சொன்னார்கள், அப்பாவும் அப்படியே நம்பிப் போய்ச் சேர்ந்தார். பள்ளிக்கூட மாடிப்படிக்குக் கீழே உன் மடியில் தலையை வைத்து நான் அதைச் சொன்னபோது, நீ என் வாயைக் கையால் மூடினாய். "இனிமே யார்கிட்டயும் சொல்லாத, என்கிட்ட சொல்லிட்டல்ல, போதும்" என்றாய்.

இப்போது ஜனங்கள் வருகிறார்கள். சனி, ஞாயிறு என்றால் தெருவில் பைக் நிறுத்த இடமில்லை. ஒருத்தன் பேய்ச் சத்தம் பிடிக்கிற கருவியை நீட்டி, "இருக்கியாம்மா? இருந்தா ஒரு சத்தம் குடு" என்று ஏரியைக் கேட்டான். வாத்து ஒன்று கத்தியது. அவன் விழுந்தடித்து ஓடினான். வேறு சமயமாக இருந்தால் இதை எழுதி உன்னை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்திருப்பேன்.

பச்சைக் கதவின் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். அம்மாவின் வீட்டுக் கதவு, இப்போது என் கடைக் கதவு. நான் உள்ளே உட்கார்ந்து ஜிப் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

வாயாடி, உன் கதையில் வருகிற யாரும் அந்தத் தண்ணீரில் சாகவில்லை. குவாரிக்காரன் சாகவில்லை, விளக்குக்காரி பிறக்கவே இல்லை. நிஜமாகச் செத்தவள் ஒருத்திதான். அவளை எதற்கடி பேயாக்கினாய்?

குண்டூசி


மே 20

அன்புள்ள குண்டூசிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் ஓடவில்லை. உன் கோபம் நியாயம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் என் பக்கத்தையும் கேள். பெயர் சொல்லவில்லை. ஊர் சொல்லவில்லை. உன் அம்மா ஆஸ்பத்திரி லாண்டரியில் துணி வெளுத்தார்கள், தொடரில் நர்ஸ் என்றுதான் சொன்னேன். எந்த வருஷம் என்று சொல்லவில்லை. பச்சைக் கதவு ஏதோ ஒரு வேகத்தில் வந்துவிட்டது. உலகத்தில் பச்சைக் கதவு எத்தனை இருக்கிறது! உங்கள் ஏரி என்று அந்த மருந்துக்கடைக்காரர் கண்டுபிடிப்பார் என்று நான் கனவா கண்டேன்? அதோடு, கேட்டவர்கள் எல்லாம் எனக்கு எழுதுகிறார்கள்: அந்தப் பெண்ணை நினைத்து அழுதோம் என்று. நான் உன் அம்மாவைக் கேவலமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழகாகத்தான் சொன்னேன். யாருமே நினைக்காத ஒருத்தியை இத்தனை பேர் நினைக்கிறார்கள். இதை நீ கொஞ்சம் அப்படியும் பார்க்கக் கூடாதா?

சரி, விடு. தப்பு தப்புதான். சரிசெய்யவும் ஒரு வழி வந்திருக்கிறது. உங்கள் ஏரிக் கமிட்டி எனக்கு எழுதியிருக்கிறது. ஆகஸ்டில் கரையில் பெயர்ப் பலகை திறக்கிறார்களாம், படகு விடுகிறார்களாம். நான் வந்து பேச வேண்டுமாம். வருகிறேன். மேடையில் ஏறி, அந்தக் கடைசிப் பகுதி என் கற்பனை, அப்படி ஒரு பெண்ணே கிடையாது என்று சொல்லிவிடுகிறேன். அத்தோடு முடிந்தது. உன்னையும் பார்த்த மாதிரி இருக்கும். எத்தனை வருஷம் ஆயிற்று!

என்னோடு பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் வாயாடி


ஜூன் 11

வாயாடிக்கு,

வராதே.

உன்மேல் இருக்கிற கோபத்தில் சொல்லவில்லை. கோபப்படுகிற யோக்கியதை எனக்குப் போய்விட்டது. என்ன நடந்தது என்று கேள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு இளம் ஜோடி கடைக்கு வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். அந்தப் பெண்ணின் கைப்பை வார் அறுந்திருந்தது, தைத்துக் கொடுத்தேன். காத்திருக்கும்போது சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அக்கா, அந்த விளக்குக்காரி வீடு இதுதானே? பச்சைக் கதவுன்னு சொன்னாங்க."

நான் வாரில் ஊசியைக் குத்தினேன்.

"அவங்களுக்கு ஒரு பொண்ணு இருந்துச்சாமே? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. நாங்க இங்க வாடகைக்கு வந்தவங்க. எங்களுக்கு யாரையும் தெரியாது."

எவ்வளவு சரளமாக வந்தது தெரியுமா? ஒரு தடங்கல் இல்லை. அந்தப் பெண் "ஓ, சரிக்கா" என்றாள். நான் சிரித்தேன்கூட. உள்மேஜையில் என் மகள் மிஷினில் பாபினுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். மிஷின் சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போன பிறகு கேட்டாள்: "ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"சும்மா தொந்தரவு பண்ணுவாங்கன்னுதான்."

"இல்ல. உங்கம்மாவைத் தெரியாதுன்னு சொன்னீங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன். "அந்தச் செருப்புக் கதை நிஜமா?" என்று அடுத்து கேட்டாள். நான் எழுந்து பின்பக்கம் போய்விட்டேன். குழாயைத் திறந்து விட்டுவிட்டு நின்றேன். அம்மாவின் முகத்தை நினைவுபடுத்திப் பார்த்தேன். வரவே இல்லையடி. கை மட்டும் வந்தது. சோப்பிலேயே ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும் அந்தக் கை. அந்தக் கையால்தான் எனக்குச் சாப்பாடு. அதைத் தெரியாது என்று சொல்லிவிட்டேன், கைப்பை வார் தைக்க வந்த ஒரு பெண்ணிடம்.

மறுநாள் வீட்டுக்காரர் பெயின்ட் டப்பாவோடு வந்தார். அவருக்கும் பாவம், என்ன செய்வது என்று தெரியவில்லை. "கலரை மாத்திட்டா போச்சு, யாரும் வரமாட்டாங்க" என்றார். நானும் தடுக்கவில்லை. இப்போது கதவு காப்பிக்கொட்டை நிறம். கடைக்குள் நுழையும்போதெல்லாம் யாருடைய வீட்டுக்கோ திருட்டுத்தனமாகப் போகிற மாதிரி இருக்கிறது.

நீ வந்து மேடையில் ஏறி, "அப்படி ஒரு பெண்ணே கிடையாது" என்று சொல்லப்போகிறாயா? நான் ஒருத்தியிடம் சொன்னதை நீ ஊருக்கே சொல்லப்போகிறாய், அவ்வளவுதான் வித்தியாசம். அவள் இருந்தாளடி. நாம் இரண்டு பேரும் சேர்ந்து இல்லாமல் ஆக்கிவிடக் கூடாது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். நான் செருப்பை ஒளித்தது அம்மாவின் மானத்தைக் காப்பாற்ற என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால் என் மானத்துக்காகவோ என்று தோன்றுகிறது. அப்படிச் செத்தவளின் மகள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று. அந்த வெட்கம் அன்றைக்கே எனக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. நீ அதைக் கிளப்பிவிட்டாய், அவ்வளவுதான்.

குண்டூசி


ஜூன் 29

குண்டூசி,

உன் கடிதத்தைப் படித்த பிறகு என் முந்தைய கடிதத்தை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கிறது. "பச்சைக் கதவு எத்தனை இருக்கிறது" என்று எழுதினேனே. "அழகாகத்தான் சொன்னேன்" என்று எழுதினேனே.

எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். நியாயம் கேட்க இல்லை. உனக்குத் தெரிய வேண்டும். மூன்று பகுதி முடிந்தபோது தலைவன் சொன்னான்: "மேடம், நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லாம் கேள்விப்பட்ட கதை மாதிரியே இருக்கு. நிஜமா ஒண்ணு வேணும். கேக்கிறவங்களுக்கு மயிர் கூச்செறியணும்." நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அதுதான் என்னை இப்போது தின்கிறது. தயங்கினேன், போராடினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தயங்கவில்லை. "ஒரு செருப்பு இருக்கு" என்றேன். அவன் கண் விரிந்தது. ரொம்ப நாள் கழித்து என் பேச்சைக் கேட்டு ஒருத்தர் கண் அப்படி விரிந்தது. அந்தச் சந்தோஷத்துக்குத்தான் உன்னைக் கொடுத்தேன்.

நேற்று அந்தப் பகுதியை நானே உட்கார்ந்து கேட்டேன். செருப்பு என்று சொல்வதற்கு முன்னால் நிறுத்துகிறேன் பார், அந்த இடம். பதிவின்போது மூன்று தடவை செய்து பார்த்தேன், எங்கே நிறுத்தினால் நன்றாக விழும் என்று. ஒரு பெண் என் மடியில் அழுதுகொண்டே சொன்னதை எங்கே நிறுத்தினால் நன்றாக விழும் என்று பார்த்திருக்கிறேன். காதைப் பொத்திக்கொண்டேன். என் குரலைக் கேட்டு நானே காதைப் பொத்திக்கொள்ளும் நாள் வரும் என்று நினைக்கவில்லை.

தலைவனிடம் அந்தப் பகுதியை எடுத்துவிடச் சொன்னேன். முடியாது என்றான். நான் எழுந்து நின்று கத்தினேன். கண்ணாடிக்கு வெளியே எல்லோரும் பார்த்தார்கள். கடைசியில் எடுத்தான். ஆனால் அதற்குள் யார் யாரோ பிடித்து வைத்துக்கொண்டு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதை இனி என்னால் திரும்பப் பிடிக்க முடியாது. அடுத்த தொடருக்கு வேறு ஆளைப் போடுகிறார்கள். அதைப் பற்றி நீ ஒன்றும் எழுதாதே. எனக்கு ஆறுதல் சொல்லிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது.

கமிட்டிக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். மருந்துக்கடைக்காரர் போன் செய்து கெஞ்சினார். உடம்பு சரியில்லை என்றேன். மறுபடியும் ஒரு பொய். உண்மையைச் சொன்னால் உன்னைப் பற்றியும் சொல்ல வேண்டியதாகிறதே.

மன்னித்துவிடு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீ எப்போதும் போல இரக்கப்பட்டு மன்னித்துவிடுவாய். அப்புறம் நான் நன்றாகத் தூங்குவேன். அது வேண்டாம்.

வாயாடி


ஆகஸ்ட் 24

அன்புள்ள வாயாடிக்கு,

பலகை திறந்தாயிற்று. நீ வராததால் மருந்துக்கடைக்காரரே பேசினார். நல்ல கூட்டம். கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். படகு மூன்று வந்திருக்கிறது, ஒன்றுக்கு அன்னப்பறவை மூக்கு. போகக் கூடாது என்றுதான் இருந்தேன். மகள் காலையில் தலை வாரிக்கொண்டு வந்து நின்றாள். "நான் போறேன்மா. நீங்க வரலன்னாலும் போறேன்" என்றாள். அவளைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை.

ஜூனிலேயே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உனக்கு அடுத்து அவள். முழுக்கக் கேட்டாள். பிறகு, "அப்ப உங்களுக்கு என்னைவிடச் சின்ன வயசு" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் நான் உடைந்துவிட்டேன். செருப்பைப் பைக்குள் ஒளித்த அந்தப் பிள்ளை இன்னும் அங்கேயே நிற்கிறமாதிரி இருந்தது.

மருந்துக்கடைக்காரர் குவாரிக் கதையைச் சொன்னார். பம்பை நிறுத்தியது வரை ஒழுங்காகத்தான் சொன்னார். கூட்டம் கொட்டாவி விட்டது. அதைப் பார்த்து அவரும் வழிக்கு வந்துவிட்டார். "கடைசியா, நம்ம காலத்து விளக்குக்காரி!" என்று ஆரம்பித்தார். முன்வரிசையில் ஒருவன் "செருப்பு! செருப்பு!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் எப்போது எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. மகள் என் கையைப் பிடித்திருந்தாள் என்பது தெரியும்.

"அவங்க எங்கம்மா" என்றேன்.

மைக் இல்லை, முதலில் யாருக்கும் கேட்கவில்லை. மருந்துக்கடைக்காரருக்குக் கேட்டுவிட்டது. அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. இன்னொரு தடவை சொன்னேன்.

"அவங்க எங்கம்மா. நர்ஸ் இல்ல. ஆஸ்பத்திரி லாண்டரியில துணி துவைச்சாங்க. பேய் இல்ல. செருப்பு இருந்தது நிஜம், நான்தான் எடுத்து ஒளிச்சு வெச்சேன். அவங்க விழுந்தாங்களா, இறங்கினாங்களான்னு எனக்குத் தெரியாது. கால் நனைக்கப் போனாக்கூட செருப்பைக் கழட்டி அப்படித்தான் வைப்பாங்க. எனக்குத் தெரியாது. யாராவது கேட்டா, தெரியாதுன்னு அவங்க பொண்ணு சொன்னான்னு சொல்லுங்க. ஜூன் மாசம் ஒரு பிள்ளைகிட்ட அவங்களையே தெரியாதுன்னு சொன்னேன். அது பொய்."

உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தது. கைதட்டுகிற விஷயம் இல்லையே. கத்திய பையன் தலையைக் குனிந்துகொண்டு நாற்காலியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மருந்துக்கடைக்காரர் மேடையிலிருந்து இறங்கி வந்து, "எனக்குத் தெரியாமப் போச்சேம்மா, உங்க கடையிலயே கொண்டுவந்து போட்டேனே" என்று கண் கலங்கினார். அவரைச் சமாதானப்படுத்துகிற வேலையும் என் தலையில் விழுந்தது. பலகையில் 'விளக்குக்காரி ஏரி' என்று இருந்ததை மறுவாரம் அவரே ஆள் வைத்து அழித்து, வெறும் 'ஏரி' என்று எழுத வைத்துவிட்டார். எழுதிய ஆளுக்குச் சிரிப்பு தாங்கவில்லையாம்: "தண்ணி பக்கத்துலயே இருக்கு, இதுக்கு எதுக்குங்க பலகை?"

எல்லோரும் கலைந்த பிறகு ஒரு அம்மா என்னிடம் வந்தாள். நல்ல வயது, தடி ஊன்றி நடக்கிறாள். அம்மாவோடு லாண்டரியில் இருந்தவளாம். "பெரிய பெரிய பெட்ஷீட்டை மடிக்க ரெண்டு பேர் வேணும்மா. அந்த முனையில உங்கம்மா, இந்த முனையில நானு. தினமும் அவ முகத்தைப் பார்த்துக்கிட்டே மடிச்சிருக்கேன்" என்றாள். இத்தனை வருஷமாக அடுத்த தெருவிலேயே இருந்திருக்கிறாள். அவள் பேத்திக்குச் சீருடைகூட நான் தைத்திருக்கிறேன். ஒரு தடவைகூட அம்மாவைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. ஏன் என்று கேட்டேன். "உனக்குச் சங்கடமா இருக்குமோன்னு இருந்துட்டேன். எல்லாரும் அப்படித்தான் இருந்துட்டோம்" என்றாள்.

இதையெல்லாம் எழுதும்போது உனக்குத்தான் எழுதத் தோன்றுகிறது. என்ன நடந்தாலும் மனம் முதலில் உன்னிடம்தான் ஓடுகிறது. அது பழக்கம். அந்தப் பழக்கத்தின் மேல்தான் எனக்கு இப்போது கோபம். கடிதத்தை ஆரம்பித்தபோது, 'இதை யாரிடமும் சொல்லிவிடாதே' என்று மேலே ஒரு வரி எழுதினேன். எழுதியதும் கை நின்றுவிட்டது. உன்னிடம் அப்படி எழுத வேண்டியிருந்ததே இல்லையே. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எடுத்தேன்.

மன்னிப்பு வேண்டாம் என்று எழுதியிருந்தாய். சரி, தரவில்லை. ஆனால் உன்னை வெறுக்கவும் வரவில்லை. நானும் ஒரு நிமிஷம் தயங்காமல் சொன்னவள்தானே. வேலை போனது பற்றி எழுத வேண்டாம் என்றாய், எழுதவில்லை. குளிர் வருவதற்குள் நல்ல கம்பளிச் சட்டை ஒன்று வாங்கிக்கொள், உன் பழையது முழங்கையில் போயிருக்கும். நீ எழுதினால் படிப்பேன். பதில் வர நாளாகலாம்.

அந்த லாண்டரி அம்மா போகிறபோது, அம்மாவைப் பற்றி இன்னொன்று சொன்னாள். நான் அதுவரை கேள்விப்படாதது. நல்ல விஷயம். கேட்டுவிட்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நானும் மகளும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

அதை உனக்கு எழுதப்போவதில்லை.

குண்டூசி